தொழிற்பிரிவில் சேர்த்தால் பையன் கெட்டுப்போவானா?

வாசகர் கேள்வி, 12 மே 2024

அக்கா பையன் பத்தாவதில் 500க்கு 241. அரசுப் பள்ளி. அறிவியல் குரூப் கிடைக்காது, ஒக்கேஷனல் என்கிற தொழிற்பிரிவில் மெக்கானிக்கல் வேண்டுமானால் தருகிறேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை வந்த பிளஸ் டூ முடிவைப் பார்த்தேன். அறிவியல் பிரிவு 96.35 சதவீதம், தொழிற்பிரிவு 85.85. தேறாத பசங்களோடு கொண்டுபோய் உட்கார வைப்பது மாதிரி இருக்கிறது. அந்தப் பிரிவில் சேர்த்தால் பையன் கெட்டுப்போக மாட்டானா? இதையெல்லாம் மூடிவிட்டால்தான் என்ன?

12 மே, இரவு

மூட வேண்டாம் தம்பி. நான் 27 வருடம் அந்தப் பிரிவில் பாடம் எடுத்தவன். நாமக்கல் மாவட்டம், பள்ளியின் பெயர் வேண்டாம். அப்போது எங்கள் குரூப்புக்கு ஜெனரல் மெஷினிஸ்ட் என்று பெயர், இப்போது அடிப்படை இயந்திரவியல்.

நீங்கள் சொன்ன எண்கள் சரிதான். போன வருட எண்களையும் பக்கத்தில் வையுங்கள். 2023இல் அறிவியல் 96.32, தொழிற்பிரிவு 82.11. அதாவது 14 சதவீதமாக இருந்த இடைவெளி ஒரே வருடத்தில் பத்தரையாகக் குறைந்திருக்கிறது. அறிவியல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தொழிற்பிரிவு ஏறி வருகிறது. கெட்டுப்போகிற இடம் இப்படி ஏறுமா?

இன்னொன்று. பத்தாவதில் 450 எடுத்தவன் ஒரு வரிசையில் நிற்கிறான், 210 எடுத்தவன் இன்னொரு வரிசையில் நிற்கிறான். இரண்டு வருடம் கழித்து முதல் வரிசையில் தேர்ச்சி அதிகம் என்றால் அது பாடம் நடத்தியவரின் சாமர்த்தியமா? பையன் எங்கே ஆரம்பித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

13 மே

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 96.32க்கும் 82.11க்கும் உள்ள வித்தியாசம் 14 சதவீதப் புள்ளி, 14 சதவீதம் இல்லை என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். சரி, திருத்திக்கொள்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். தேறியவர்களை விட்டுவிட்டுத் தேறாதவர்களைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். 2023இல் அறிவியலில் தேறாதவர் 3.68 சதவீதம், தொழிற்பிரிவில் 17.89. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்த வருடம் 3.65, 14.15. ஏறக்குறைய நான்கு மடங்கு. எண் அதேதான், பார்க்கிற பக்கம் மாறியதும் எனக்கே சுருக்கென்றது. ஏறி வருகிறது என்று நேற்று எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் ஏழு பேரில் ஒருவன் தேறவில்லை என்பதை அந்த ஒரு வரி மூடிவிட்டது.

13 மே, இரவு

எதில் தவறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் நான் பார்த்தவரை செய்முறையில் ஒருவன்கூடத் தவறியதில்லை. கணக்கும் ஆங்கிலமும்தான். தொழிற்பாட எழுத்துத் தேர்வில் சிலர்.

15 மே

"ஒக்கேஷனலில் மார்க் அள்ளிப் போடுவார்கள், அந்த மார்க்கை நம்பமுடியாது" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 1200 மதிப்பெண் காலத்தைச் சொல்கிறார். அப்போது எங்கள் பிரிவில் செய்முறை ஒன்று, செய்முறை இரண்டு என்று 200, 200. மொத்தம் 400. அந்த 400 கையில் இருந்தால் ஆயிரத்தைத் தாண்டுவது கஷ்டமில்லை.

அள்ளிப் போட்டோமா? போட்டோம். நானும் போட்டிருக்கிறேன். 50 மில்லிமீட்டர் நீளம், அதே அகலம் உள்ள இரும்புத் தகடு ஒன்றை அரத்தால் தேய்த்து நான்கு மூலையும் செங்கோணமாகக் கொண்டுவர வேண்டும். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை மூலையில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு பையன் கொண்டுவந்த தகட்டில் இரண்டு மூலையில் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. வீட்டுக் கஷ்டம் தெரிந்த பையன். 190 போட்டேன். இரண்டு வருடம் கழித்து அவனை வேலைக்கு எடுத்த பட்டறைக்காரர் என்னிடமே கேட்டார்: "சார், நூத்துத் தொண்ணூறு வாங்கியிருக்கான், ஆனா மூலை புடிக்கத் தெரியலைங்களே?" பதில் சொல்ல முடியவில்லை. அவனை இன்னும் பத்துத் தகடு தேய்க்க வைத்திருந்தால் போதும். அந்த உழைப்புக்குப் பதிலாக மார்க்கைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது மொத்தமே 600, பாடத்துக்கு 100. பழைய கணக்கு முடிந்துவிட்டது. அன்று 1000 எடுத்த தொழிற்பிரிவுப் பையனையும் இன்று 450 எடுத்தவனையும் ஒப்பிட்டு யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

19 மே

மார்க் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு ஒன்று சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு முதல் மாதம். ஒரு பையனைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் அதையும் நிறுத்திவிடுவான். கணக்கு வாத்தியார் அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், "ஒக்கேஷனல்" என்பார். அந்தப் பையன் கையில் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தேன். ஓர் இரும்பு உருளையைப் பிடித்து அளக்க வேண்டும்.

மெயின் ஸ்கேலில் வெர்னியரின் சுழியம் எதைத் தாண்டி நிற்கிறது? 24. அப்புறம் வெர்னியர் ஸ்கேலில் எந்தக் கோடு மேலே இருக்கும் கோட்டோடு ஒட்டி நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குப் போனான். பதினேழாவது கோடு, சார் என்றான். ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர். பதினேழுக்கு? விரலை விட்டு எண்ணினான். 0.34. அப்போ 24.34 சார்.

கணக்குப் பரீட்சையில் தசமப் பெருக்கலில் பூஜ்யம் வாங்கியவன் அவன். வாசலில் நின்றபடியே இன்னொரு தடவை அளந்தான், 24.34தான் வந்தது. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் பட்டறையில் கிடந்த போல்ட், பின், பழைய பேரிங் எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்தப் பையன் பிளஸ் டூ கணக்கில் தவறினான். மறுதேர்வில்தான் தேறினான். மாநிலத் தேர்ச்சிப் பட்டியலில் அவன் தேறாதவர் கணக்கில் விழுந்த ஒரு தலை. அதைத் தாண்டி அந்தப் பட்டியலுக்கு அவனைத் தெரியாது.

20 மே

கணக்கு வாத்தியாரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பிரிவுக்கு ஒற்றை ஆள் அவர். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வெர்னியரில் பெருக்கல் செய்தவனுக்கு அந்த இடத்திலிருந்தே கணக்கைத் தொடங்கியிருக்கலாமே? நானாவது போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். 27 வருடத்தில் பட்டறையிலிருந்து கணக்கு வகுப்புக்கு நான் எத்தனை முறை நடந்தேன்? இரண்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான்.

2 ஜூன்

இந்தப் பிரிவுக்கு யார் வருகிறார்கள் என்று சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளினேன்.

மார்க் குறைந்தவர்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தாமதமாக வந்தவர்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிகள் அதிகம். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும். பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாளே பையன்கள் வண்டி ஏறிவிடுவார்கள். ராடு தூக்குவது, சேறு அள்ளுவது, சமையல். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கோ ஒரு காட்டில் இருக்கும்போது இங்கே முடிவு வந்துவிடும். சேர்க்கை தொடங்கிவிடும். முதல் வாரத்தில் கணிதம்-உயிரியல் நிரம்பும். அப்புறம் கணினி அறிவியல். அப்புறம் வணிகவியல். அம்மா வந்து நிற்பார்: "பையன் வண்டிக்குப் போயிருக்கானுங்க சார், அடுத்த வாரம் வந்துருவானுங்க, ஒரு எடம் வெச்சிருங்க." இடத்தை அப்படி வைக்க முடியாது. பையன் கறுத்துப்போய், உள்ளங்கை காய்த்துப்போய் ஜூன் மூன்றாம் வாரம் வந்து சேருவான். 370 எடுத்திருப்பான். மிச்சமிருப்பது எங்கள் பிரிவு.

ஆக, மார்க் மட்டும் பிரிக்கவில்லை. யாரால் கோடை விடுமுறையில் வீட்டில் இருக்க முடிந்ததோ அவனுக்கு முதல் வரிசை.

ஒரு வருடம் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனேன். விசைத்தறி, விசைத்தறி, கூலி, லாரி கிளீனர், செங்கல் சூளை, கூலி, தந்தை இல்லை, கூலி. பாதிக்கு மேல் கூலி. எங்கள் பள்ளியில் அருந்ததியர் பிள்ளைகள் ஊரில் இருக்கிற விகிதத்தைவிட எங்கள் பிரிவில் அதிகம் இருந்தார்கள். அறிவியல் பிரிவில் விரல் விட்டு எண்ணலாம். எந்த அரசாணையும் அவர்களை இங்கே அனுப்பச் சொல்லவில்லை. போர் வண்டியும் சூளையும் அனுப்பின.

பெண்கள்? எங்களுடையது ஆண்கள் பள்ளி. மாநில அளவில் இந்த வருடம் மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. போன வருடம் 96.38, 91.45. மொத்தத்தில் பையன்கள் பின்னால்தான் நிற்கிறார்கள். இயந்திரவியல், மின்னியல், ஊர்திப் பிரிவுகளில் பெரும்பாலும் பையன்கள். அப்படியானால் தொழிற்பிரிவின் சரிவில் ஒரு பங்கு பையன்களின் சரிவு.

3 ஜூன்

நேற்றைய கடைசிப் பத்திக்குச் செவிலியப் பிரிவில் படித்த சகோதரி ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். தொழிற்பிரிவு என்றாலே லேத் (கடைசல் இயந்திரம்) என்று நினைக்கிறீர்களே, செவிலியமும் ஆடை வடிவமைப்பும் அலுவலக மேலாண்மையும் யார் படித்தது என்று கேட்கிறார். நியாயம். தமிழ்நாட்டில் 12 தொழிற்பாடங்கள் இருக்கின்றன, எனக்கு ஒன்றுதான் தெரியும்.

அவர் சொன்னது: பிளஸ் டூவில் செவிலியம் முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்பித்தான் வகுப்பில் பாதிப் பேர் சேர்ந்தார்கள். ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றார்கள். ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது, அதற்குமேல் படிக்க வேண்டும் என்பது பன்னிரண்டாவது முடியும்போதுதான் தெரிந்தது. சேரும் நாளில் யாரும் சொல்லவில்லை. எங்கள் பிரிவிலும் இதே கதைதான். ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழுக்கு இருக்கிற மதிப்பு இதற்கும் இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் நிறைய.

4 ஜூன்

தேர்தல் முடிவு நாள். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பேரன் ரிமோட்டைத் தரமாட்டேன் என்கிறான். இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

"இது குலக்கல்வியின் மறுபிறவி" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைச் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில். அடுத்த ஆண்டே காமராஜர் முதல்வராகி அதைக் கைவிட்டார். அந்தப் பயம் நம் ஊரில் இன்னும் ஆறவில்லை. ஆறவும் கூடாது.

ஆனால் இதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் இருந்த எந்தப் பையனின் அப்பாவும் லேத்தைத் தொட்டதில்லை. மைக்ரோமீட்டர் என்ற பொருளை அந்தக் குடும்பத்தில் முதலில் கையில் எடுத்தவன் அவன்தான்.

9 ஜூன்

ஐந்து நாளாக அந்தத் தம்பியின் கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கேள்வியைத் தட்டிவிட்டேன். அவர் கேட்டது என்ன கற்பிக்கிறீர்கள் என்று இல்லை. யாரை அங்கே அனுப்புகிறீர்கள் என்று. அதற்கு 2ஆம் தேதி நானே பதில் எழுதிவிட்டு, 4ஆம் தேதி அதையே மறந்து வேறு பதில் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பட்டறைக்குள் நடப்பது குலக்கல்வி இல்லை. பட்டறை வாசலில் யாரை நிறுத்துகிறோம் என்பதில் அதன் நிழல் இருக்கிறது.

இப்படி ஆக வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தது, தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் நம் வேலூர்க்காரர், மால்கம் ஆதிசேஷையா. 1986 தேசியக் கல்விக் கொள்கை 1990க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம், 1995க்குள் 25 சதவீதம் தொழிற்பிரிவுக்கு வரவேண்டும் என்று இலக்கு வைத்தது. நூற்றில் இருபத்தைந்து பேர் வரவேண்டுமென்றால் எல்லா வீட்டுப் பிள்ளையும் வந்தாக வேண்டும். டாக்டர் வீட்டுப் பையனும் ராடு தூக்குகிறவன் பையனும் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரே வைஸில் வேலை செய்திருப்பார்கள். அது நடக்கவில்லை. வேறு வழி இல்லாதவர்கள் மட்டும் வந்தார்கள். அப்புறம் அவர்கள் வாங்கிய மார்க்கைப் பார்த்துப் பிரிவே மட்டம் என்றோம்.

எங்கள் பள்ளியில் என்னோடு சேர்ந்து மூன்று தொழிற்கல்வி ஆசிரியர்கள். முதலில் மின்னியல்காரர் ஓய்வுபெற்றார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, பிரிவு போயிற்று. நான் ஓய்வுபெற்ற அன்று பட்டறைச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு வேலையாகப் போனபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். லேத்மேல் பழைய வினாத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் துரு. வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டு வைத்திருந்த லேத் அது.

16 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி, இத்தனை நாள் உங்கள் மருமகனை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முன் நேரில் போய் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் ஆசிரியர் இருக்கிறாரா, பட்டறை திறந்திருக்கிறதா. பூட்டியிருந்தால் வேண்டாம், வேறு பள்ளி பாருங்கள். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் ஐ.டி.ஐ. ஃபிட்டர் நல்லது.

இரண்டாவது, தொழிற்பாடத்தோடு வரும் துணைப்பாடம் எது என்று கேளுங்கள். சில பிரிவுகளில் கணினித் தொழில்நுட்பம் வைத்திருப்பார்கள், சுலபம் என்று பையன்களும் விரும்புவார்கள். பொறியியல் எண்ணம் துளியாவது இருந்தால் கணிதம் எடுப்பதுதான் நல்லது. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இருக்கிறது.

மூன்றாவது, பன்னிரண்டாவது முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். என் பையன்களில் உருப்படியாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் போனவர்கள். உடனே வேலை வேண்டுமென்றால் அப்ரண்டிஸ் சட்டத்தில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்றே ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதைப் பார்க்கிறது. உதவித்தொகையும் உண்டு. பள்ளியில் இதை யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களே கேட்டுப் போக வேண்டும்.

241 என்றீர்களே, அதில் கணக்கு எவ்வளவு?

17 ஜூன்

36ஆ. சரி. பயப்பட வேண்டாம். அவனைத் திட்டவும் வேண்டாம்.

11 ஆகஸ்ட்

இரண்டு மாதம் கழித்து வந்தேன், கண் அறுவை சிகிச்சை. நீங்கள் அனுப்பிய செய்தியைப் பேரன்தான் படித்துக் காட்டினான். சேர்த்துவிட்டீர்கள், ஆசிரியர் இருக்கிறார், பட்டறை திறந்திருக்கிறது. கேட்கவே நிம்மதி.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் மேலே படித்தால் மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்கு 2022இலேயே புதுமைப்பெண் வந்துவிட்டது. ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் உண்டு என்பதுதான் எனக்கு முக்கியம். ஆயிரம் ரூபாய் போர் வண்டிக் கூலிக்கு ஈடாகாது. ஆனாலும் "படிச்சா என்ன கெடைக்கும்" என்று கேட்கிற வீட்டில் மாதாமாதம் வருகிற ஒரு பதில் அது. மருமகன் ஆறாவது முதல் அரசுப் பள்ளியா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அவன் தேய்த்த முதல் தகட்டின் படத்தைப் பேரன் பெரிதாக்கிக் காட்டினான். இடது மேல்மூலையில் அரத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான், அந்தக் கோடு தெரிகிறது. பின்னங்கையை இறக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று மூலையும் நன்றாக வந்திருக்கின்றன.

கணக்குக்கு: வேப்பமரக் கதையைப் படித்துவிட்டு என் பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டான். அந்த 24.34 பையன்தான். குமாரபாளையத்தில் சொந்தமாக லேத் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை சும்மாதான் இருக்கும், பையனை அனுப்பச் சொல்லுங்க சார், வெர்னியரிலிருந்து தசமம் ஆரம்பிக்கிறேன் என்கிறான். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். பள்ளிபாளையத்திலிருந்து மருமகனுக்கு எந்த பஸ் வசதி என்று மட்டும் எழுதுங்கள்.